குரங்குப் பிடி

“நீ குரங்கு தின்னுற கூட்டமா, இல்ல மனுஷக் கூட்டமா?”

லோம்பே பட்டறையில் சேர்ந்த அன்று ஷாவா அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். பேர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. அவள் பெம்பா இனத்துப் பெண், அவர் ங்கோனி. தாமிரச் சுரங்க ஊரான கிட்வேயில் இந்த இரண்டு இனத்தாரும் மாமன் மச்சான் முறை மாதிரி. வாய்க்கு வந்தபடி ஏசிக்கொள்ளலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது. சாவு வீட்டில்கூட இதற்கு விலக்கு இல்லை. சொல்லப்போனால் அங்கேதான் அதிகம்.

லோம்பே கூச்சக்காரி. ஆனாலும் முறை என்று வந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியுமா?

“எலியத் தோலோட தின்னுறவங்களுக்கு மனுஷங்களப் பாத்தா எங்க அடையாளம் தெரியப்போவுது?” என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

பட்டறையே சிரித்தது. ஷாவா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அன்றிலிருந்து அவள் அவருக்குக் குரங்கு தின்னி, அவர் அவளுக்கு எலி தின்னி. ஒரு நல்ல வார்த்தை பரிமாறிக்கொண்டதில்லை. அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது பை நிறைய ஆரஞ்சு அனுப்பியவர், “தோலையும் தின்னுடாதே” என்று சொல்லியனுப்பினார்.

இருவருக்கும் ஒரே மெஷின். வீட்டுக் கூரை உயரத்துக்கு நிற்கும். கீழே ஒரு பெரிய வட்ட மேசை படுத்தவாக்கில் சுழலும். மேலேயிருந்து தூண் போன்ற ஒரு கை இறங்கி, மேசையோடு சுழலும் இரும்பைச் சீவும். காலை முறை ஷாவாவுக்கு, மதியத்துக்கு மேல் லோம்பேக்கு. அவளுக்கு இது சோதனைக் காலம். “பொம்பளைக்கு டிரில் மெஷினே போதும்” என்று மேலிடத்தில் ஒரு பேச்சு இருந்தது. போர்மேன் கபாசோதான் அவளுக்காக மல்லுக்கட்டி வைத்திருந்தார்.

அந்த வியாழக்கிழமை மேசையில் இருந்தது ஒரு வெண்கலப் புஷ். தாமிரச் சுரங்கத்தில் கல் உடைக்கும் இயந்திரத்துக்குள் போகிற உள்ளீடற்ற உருளை. அவள் இடுப்பு உயரம், இருவர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். பெரிசாக இருந்ததே தவிர சுவர் மெல்லியது. வெளிப்பக்கத்தைக் காலையிலேயே ஷாவா முடித்துவிட்டார். உள்பக்கம் அவளுடையது.

“இது ஒண்ணுதான் வார்ப்பு வந்திருக்கு,” என்றார் கபாசோ. “கெட்டுதுன்னா வேற இல்ல. சுரங்கத்துல கல் உடைக்கிறது நின்னு கெடக்கு. சாயங்காலம் லாரி வரும். இத நல்லபடியா முடிச்சுக் குடுத்துட்டேன்னா, இந்த மெஷின் உன்னோடதுன்னு நாளைக்கே எழுதி வாங்கிடுவேன்.”

“கெட்டுப்போனா, பா கபாசோ?”

பெரியவர்களை அங்கே பா சேர்த்துத்தான் கூப்பிடுவார்கள். அவர் அவளைப் பார்த்தார். “கெட்டுப்போகாது” என்றார். அவ்வளவுதான்.

மேசையின் நான்கு பக்கமும் ஒவ்வொரு ஜா உண்டு. பொருளை வெளியேயிருந்து நெருக்கிப் பிடிக்கிற இரும்புத் தாடை. போன மாதம் மாற்றாளாக வந்த ஒருவன் வைத்த இரும்பு வளையம் சுழற்சியில் ஜாவிலிருந்து நழுவி, தடுப்புத் தகட்டில் போய் மோதியது. தகட்டில் விழுந்த நசுங்கல் இன்னும் இருந்தது. லோம்பே தினமும் அதைக் கடந்துதான் வர வேண்டும். அதனால் அன்று ஸ்பேனரோடு நிறுத்தாமல், அதன் கைப்பிடியில் ஒரு குழாயைச் செருகி, முழு உடம்பையும் சாய்த்து இறுக்கினாள்.

ஷாவா கைகழுவி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பியவர் நின்றார். அவருக்கு அன்று அவசரம். சம்போலியில் பெம்பாக்காரர் ஒருவரின் அடக்கம். முறைக்காரர் போய்க் கேலி பேசாவிட்டால் அந்தச் சாவு நிறைவாகாது.

“பாருங்கடா,” என்றார் சத்தமாக. “பயந்த குரங்கு கிளையப் புடிக்கிற மாதிரி புடிக்கிறா! அடியே, மூச்சு விடுமா அது?”

“யோவ் எலி தின்னி, போய்க் குழி வெட்டு. வளை தோண்டுறதுதானே உங்க பரம்பரைத் தொழில்!”

எல்லோரும் சிரித்தார்கள். ஷாவாவும் சிரித்தார். போகும்போது ஒரு ஜாவின் மேல் கையை வைத்து, ஒரு நொடி அப்படியே இருந்துவிட்டுப் போனார்.

உள்பக்கத்தின் பெரிய சீவல்களை முடிக்கும்வரை அவளுக்கு எந்த யோசனையும் இல்லை. கடைசிச் சீவலுக்கு மட்டும் ஒரு மெல்லிய படலம் மீதி வைத்து, மெஷினை நிறுத்தினாள். அப்போதுதான் ஷாவாவின் அந்தக் கை நினைவுக்கு வந்தது.

ஷாவா கேலி பேசும்போது கைகள் இரண்டும் காற்றில் பறக்கும். இன்றைக்கு ஏன் ஜாவின் மேல் வைத்தார்?

மெல்லிய சுவரை அளவுக்கு மீறி இறுக்கினால் அது உள்ளே வளைந்து கொடுக்கும். வளைந்தபடியே சீவினால், பிடியில் இருக்கும்வரை வட்டமாகத்தான் தெரியும். பிடியை விட்டதும்தான் தன் சுய ரூபத்தைக் காட்டும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் இதன் சுவர் அவ்வளவு மெல்லியதா? தன் கைப்பலம் அவ்வளவா? ஜாவைத் தளர்த்தி மறுபடி மெதுவாகப் பிடிக்கலாம். அப்படிச் செய்தால் மறுபடி மேசைக்கு நேர் நடுவில் பார்த்து நிறுத்த வேண்டும், லாரி காத்து நிற்கும், கபாசோ முகத்தைச் சுளிப்பார். மேலிடத்தில் “பாத்தியா, ஒரு தடவைல வைக்கத் தெரியல” என்பார்கள். ஷாவா சொன்னது வெறும் கேலியாக இருந்தால், வலியப் போய்ப் பழியைத் தேடிக்கொண்ட மாதிரி.

போனை எடுத்தாள். நெடுநேரம் அடித்த பிறகு ஷாவா எடுத்தார். பின்னால் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள், மண்வெட்டி கல்லில் உரசியது.

“யாரு, குரங்கு தின்னியா? செத்தவரு இப்பத்தான் கேட்டாரு, நீ எப்ப வர்றேன்னு!”

“ஷாவா, நெஜமாக் கேக்குறேன். ரொம்ப இறுக்கிட்டேனா?”

“என்னாது, நெஜமாவா? கேட்டீங்களா எல்லாரும்? ஒரு பெம்பா நெஜத்தப் பத்திப் பேசுறா! பொணம் எழுந்து உக்காந்துரும்போல!”

அந்தப் பக்கம் சிரிப்பு எழுந்தது. அழுதுகொண்டே சிரிக்கிற சிரிப்பு.

“ஷாவா, கேலி வேணாம். சொல்லு.”

“இங்க வந்து பாரு. உங்க ஆள பூமி எப்படிக் கெட்டியாப் புடிச்சிருக்கு! இனி விடவே விடாது. அப்படிப் புடிக்கணும்டீ, அதான் புடி!”

மறுபடி சிரிப்பு. இணைப்பு போய்விட்டது.

லோம்பே போனைப் பார்த்தபடி நின்றாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. கேலிதான். எல்லாம் கேலிதான். உண்மையிலேயே ஏதாவது இருந்திருந்தால் இப்படிப் பேசுவாரா? நம்ப வேண்டும் என்று இருந்தது, நம்பினாள். பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

மேசை மெல்லச் சுழன்றது. வெண்கலம் பொன்தூளாக உதிர்ந்தது. கடைசிச் சீவலை நடுவில் நிறுத்தினால் உள்ளே வடு விழும். இனி நிறுத்துவதற்கில்லை. உள்ளங்கை வியர்வையை மேலங்கியில் துடைத்துத் துடைத்து, அங்கே ஒரு ஈரத் திட்டே ஆகிவிட்டது.

முடிந்ததும் உள்ளே அளந்தாள். எங்கே வைத்தாலும் ஒரே அளவு. கபாசோவும் அளந்தார். தோளில் தட்டினார்.

“நான்தான் சொன்னேனே! சரி, தளர்த்து. கிரேனக் கூப்பிடுறேன்.”

“கொஞ்சம் இருங்க. விட்டப்புறம் ஒரு தடவ பாத்துடுறேன்.”

முதல் ஜாவைத் தளர்த்தினாள். வெண்கலம் ‘ணங்’ என்றது. மூச்சு விட்ட மாதிரி இருந்தது. மற்ற மூன்றையும் தளர்த்தினாள். மயிரிழை வித்தியாசத்தையும் முள்ளால் காட்டும் டயல் கேஜை உட்சுவரில் ஒட்ட வைத்து, மேசையை மிக மெதுவாகச் சுற்றவிட்டாள். முள் நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறியது. ஒவ்வொரு ஜா இருந்த இடத்துக்கு நேராகவும் சுவர் வெளியே விலகியிருந்தது. இனிச் சரிசெய்ய முடிகிற குறை இல்லை. சீவியெடுத்த வெண்கலம் திரும்ப வராது.

கபாசோ தொப்பியைக் கழற்றினார். கழற்றியவர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி போட்டுக்கொண்டார்.

“சுரங்கத்துக்குப் போன் பண்ணிட்டு வர்றேன்,” என்று அலுவலக அறைக்குப் போனார். கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் ஷாவா வந்தார். சாவுக்குப் போட்ட கோட்டு, ஷூவில் செம்மண். மினிபஸ்ஸிலிருந்து ஓடிவந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. வாசலிலிருந்தே, தளர்ந்து கிடந்த ஜாக்களைப் பார்த்துவிட்டார். நடை மெதுவாயிற்று.

லோம்பே வலிய வரவழைத்த குரலில், “வந்துட்டியா எலி தின்னி?” என்றாள். “குழிய மூடியாச்சா, இல்ல நடுவுல எலி கெடைச்சு நின்னுட்டியா?”

ஷாவா குனிந்து, மேசையைத் தானே மெதுவாகச் சுற்றவிட்டு முள்ளைப் பார்த்தார். ஒரு முழுச் சுற்று பார்த்தார். இன்னொரு சுற்றும் பார்த்தார்.

“சொல்லு,” என்றாள் அவள். “குரங்குப் புடின்னு சொல்லு. கிளையோட சேந்து விழுந்துட்டேன்னு சொல்லு. என்னய்யா, வாயில என்ன, மண்ணா?”

டிரில் மெஷின் பக்கம் இருந்தவர்கள் வேலையை நிறுத்தி, அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தார்கள்.

“ஷாவா! ஒரு வார்த்த திட்டேன்.”

அவர் மேசையை நிறுத்தினார். ஸ்பேனரில் செருகியிருந்த குழாயை உருவி, சுவரோரம் சாய்த்து வைத்தார். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவள் பக்கம் பார்க்காமல், மேசை விளிம்பில் வைத்தார். பிறகு திரும்பி, நசுங்கிய தகட்டைத் தாண்டி, வாசல் காவலாளி அவரது வழக்கமான வசவுக்காகப் பல்லைக் காட்டிக்கொண்டு எழுந்து நின்றதையும் தாண்டி, போய்விட்டார்.