சம்பந்தி வீட்டு மத்தி மீன்

வின்கோவ்சியில் பஸ் ஏறி, பகல் முழுக்கப் பயணம் செய்து ஷிபெனிக்கில் இறங்கிய யாகொதாவுக்கு, மகன் திஹொமிரைக் கட்டிக்கொண்ட சந்தோஷம் கால்மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அவளுடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்படிகளில் முன்னால் ஏறியவன், வீட்டு வாசலை எட்டியதும் "அம்மா, பசிக்குது!" என்று குரல் கொடுத்தான்.

"என்கிட்ட ரொட்டி இருக்குடா" என்று யாகொதா பையைத் திறந்தாள். அவன் கூப்பிட்டது அவளை அல்ல, கதவைத் திறந்த தன் மாமியார் தொப்ரிலாவை.

கல்யாணமாகி மாமியார் வீட்டோடு வந்து இரண்டு வருடம்தான். சோளக்காட்டு ஊரில் வளர்ந்த பிள்ளை இப்போது கடற்கரைக்காரர்களைப் போலவே இழுத்து இழுத்துப் பேசினான். முள்ளுக்குப் பயந்து மீனைத் தொடாதவன், தொப்ரிலா சுட்டுவைத்த மத்தியைக் கையாலேயே பிட்டு முள்ளை உருவிப் பத்துப் பன்னிரண்டு தின்றான். யாகொதா ஊரிலிருந்து சுமந்துவந்த காரத் தொத்திறைச்சியில் இரண்டே துண்டு எடுத்துக்கொண்டான்.

மறுநாள் மகனும் மருமகள் லூட்சியாவும் வேலைக்குப் போய்விட, தொப்ரிலாவே அவளை ஊர் சுற்றிக் காட்டினாள். பேராலயத்தின் வெளிச்சுவரில் வரிசையாகச் செதுக்கியிருந்த கல் தலைகளில் ஒன்றைக் காட்டி, "இதப் பாருங்க சம்பந்தி, அசல் நம்ம பையன் மூக்கு!" என்றாள்.

நம்ம பையனாமே! யாகொதா அந்தத் தலையை மறுபடி பார்க்காமல் நடையைக் கட்டினாள்.

ஸ்லாரின் தீவுக்குப் படகில் போகும்போது தொப்ரிலா விடவில்லை. "மொதல்ல தண்ணியப் பார்த்தாலே நடுங்குவான். நான்தான் நீச்சல் பழக்கினேன். இப்ப மீனாட்டம் போறான்."

யாகொதா யோசிக்கவேயில்லை. பொய் தானாக வந்துவிட்டது.

"மீனுன்னதும் ஞாபகம் வருது. அவனுக்கு மீன் ஒத்துக்காது சம்பந்தி. உடம்பெல்லாம் தடிச்சுப்போகும். நீங்க வருத்தப்படுவீங்கன்னு வாயத் தெறக்காம திங்கறான். போன்ல என்கிட்டதான் புலம்புவான்."

தொப்ரிலாவின் முகம் சுருங்கிப்போயிற்று. யாகொதாவுக்குக் கடல் அப்போதுதான் அழகாகத் தெரிந்தது.

அன்று மாலை மேசையில் மீன் இல்லை. யாகொதாவின் தொத்திறைச்சியைப் பீன்ஸுடன் வேகவைத்திருந்தாள் தொப்ரிலா.

"ஏம்மா, காலையில மத்தி வாங்கினீங்களே?" என்றான் திஹொமிர்.

தொப்ரிலா ஒருமுறை யாகொதாவை ஏறிட்டுப் பார்த்தாள். "கெட்டுப்போச்சுடா. பேசாம இதத் தின்னு."

தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று யாகொதாவுக்குப் புரிந்தது. ஆறுதலாக இல்லை. இந்த நல்ல மனசும் இவளிடமே இருந்துதொலைய வேண்டுமா என்றுதான் இருந்தது.

இரண்டு நாள் பொறுத்தாள். ஊருக்குக் கிளம்பும்போது பஸ் நிலையத்தில் மகன் தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்து, "சம்பந்தி, அந்த மீன் விஷயம்... நான் சொன்னது பொய்" என்றாள்.

"தெரியும். ரெண்டு வருஷமா என் கையாலதான் சாப்பிடறான். தடிச்சா எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் நிறுத்தினீங்க?"

"நீங்க இருக்கிற நாலு நாளாவது உங்க கறியத் திங்கட்டும்னுதான்." தொப்ரிலா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "ஆனா நல்ல மத்தி, ஒரு கிலோ. பூனைக்குப் போட்டேன். அதுக்கு மட்டும் உங்கள மன்னிக்க மாட்டேன்."

யாகொதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் தோற்றுப்போனதாகிவிடும் என்று அடக்கிக்கொண்டாள்.

திஹொமிர் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்து, இரு கன்னத்திலும் முத்தமிட்டு, "போனதும் போன் பண்ணும்மா" என்றான். இந்த முறை அந்த அம்மா அவள்தான். ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்து கையசைத்தாள்.

வண்டி நிலையத்தைவிட்டுத் திரும்புவதற்குள்ளாகவே, அங்கே நின்ற இருவரும் ஏதோ பேசிச் சிரிக்கத் தொடங்கியிருந்தார்கள். என்னவாக இருக்கும் என்று யாகொதா வெகுதூரம் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.