ஒரு முழம் தள்ளி

"மாமா, இந்தப் பெட்டிக்கு எங்க ஆத்தாளை அடையாளம் தெரியுமா?"

பொன்னுமணி அப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. ஏலக்காய்த் தோட்டத்தில், காய் உலர்த்தி மூட்டை கட்டும் ஸ்டோர் வாசலில், கழுத்தில் புதுக் கேமராவோடு நின்றிருந்த காசிமாயன் சிரித்துவிட்டார்.

"தெரியாம என்ன தாயி? நான் தொடவே வேண்டாம். அதுவே பாத்து அதுவே தெளிவாக்கிக்கிரும்."

அது 1987, ஐப்பசி மாதம். காசிமாயனுக்குப் போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டூடியோ. பதினாறு வருஷமாக ஒரே கேமராதான். கண்ணை வைத்து, லென்சு வளையத்தை விரலால் திருப்பி, எதிரே இருப்பவரின் இமைமயிர் தெரிகிற வரை பொறுத்திருந்து எடுப்பார். பிலிம் மாட்டும்போதெல்லாம் "முருகா" என்று ஒரு தடவை சொல்லிக்கொள்வார்.

அந்த வருஷம் ஆவணியில் சிங்கப்பூரிலிருந்து வந்த மச்சினன் இந்தப் புதுசைக் கொண்டுவந்து கொடுத்தான். பொத்தானைப் பாதி அழுத்தினால் லென்சு தானாகச் சுழலும். படம் தெளிந்ததும் உள்ளே பச்சை விளக்கு எரியும். கூடவே ஒரே ஒரு லென்சு. தன்னிடம் இருந்த மூன்று லென்சும் இதற்கும் சேரும் என்ற நம்பிக்கையில் பழைய கேமராவைக் கம்பத்து ஸ்டூடியோக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார். விற்ற பிறகுதான் மாட்டிப் பார்த்தார். சேரவில்லை.

மதுரையில் கேமரா ரிப்பேர் பார்ப்பவர் பழைய லென்சையும் புதுக் கேமராவையும் மேசைமேல் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "உங்களது மரை போட்ட லென்சு, திருகி மாட்டணும். இது கொக்கி போலப் பூட்டுறது. வாயே வேற அண்ணே. ரெண்டையும் சேக்கிற வளையம் மதுரையில கிடையாது. எங்கயாச்சும் கிடைச்சாலும் உங்க லென்சு தானாச் சுத்தாது."

முகம் எடுப்பதற்கென்றே ஆசையாக வாங்கிய நீள லென்சு உட்பட மூன்றும் பிஸ்கட் டின்னுக்குள் போயின.

பொன்னுமணியின் தாய் வேலுத்தாய் அந்தத் தோட்டத்தில் காய் எடுக்கிறவள். ஆடியிலிருந்து இருமல், பிறகு எச்சிலில் ரத்தம். மதுரைப் பக்கம் உள்ள காசநோய் ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை சேர்ப்பதாக ஏற்பாடு. அதற்குமுன் மகளோடு ஒரு படம் வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். கல்யாணத்துக்குக்கூட அவள் படம் எடுத்துக்கொண்டதில்லை. அதனால் அவள் புருஷன் சுருளி, ஸ்டோரில் மூட்டை தூக்குகிறவன், போடிக்கு இறங்கி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் காசிமாயன் மேலே வந்தார்.

அடுக்கியிருந்த சாக்குமூட்டைகளுக்கு முன்னால், ஒன்றரை முழ தூரத்தில், ஒரு பெஞ்சு. வேலுத்தாய் உட்கார்ந்ததும் பொன்னுமணி ஓடிப்போய் ஒட்டிக்கொண்டாள்.

"ஒட்டாத. ஒரு முழம் தள்ளி உக்காரு."

"ஏன்த்தா?"

"போட்டோவுக்கு அப்படித்தான் உக்காரணும்."

பிள்ளை நகர்ந்து உட்கார்ந்தாள். வேலுத்தாய்க்கு நேராக உட்காரத் தெம்பில்லை. வலது கையைப் பின்னால் நீட்டி மூட்டையில் ஊன்றிக்கொண்டாள். மகளுக்குப் பின்னால் அந்தக் கை போனது. ஆனால் அவள்மேல் படவில்லை.

மூடுபனி மரத்தடிவரை இறங்கியிருந்தது. காசிமாயன் அழுத்தினார். லென்சு முன்னே ஓடியது, பின்னே ஓடியது, நிற்கவில்லை.

"என்ன அப்பு, பெட்டி உறுமுது? பசிக்குதோ?" என்றாள் வேடிக்கை பார்த்த மொக்கம்மாள். "ரெண்டு ஏலக்காய் போடுங்க, அடங்கிரும்."

எல்லாரும் சிரித்தார்கள். வேலுத்தாயும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, முந்தானையால் வாயை மூடினாள். காசிமாயனுக்குக் காது சுட்டது. கையால் திருப்பிக்கொள்ள ஒரு சுவிட்சு உண்டு, அவருக்கும் அது தெரியும். ஆனால் தொடவே வேண்டாம் என்று இத்தனை பேர் முன்னால் சொல்லியாயிற்று. கேமராவை நேரே பிடித்து மறுபடி அழுத்தினார். இந்தத் தடவை லென்சு நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. தட்டினார்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் வேலுத்தாய்.

"அம்புட்டுத்தான் தாயி."

செவ்வாய்க்கிழமை பிலிமைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்தார். சாக்கு நூல் நூலாகத் தெரிந்தது. தாயும் மகளும் புகைபோல் கலைந்திருந்தார்கள். கண் எது, வாய் எது என்று சொல்ல முடியவில்லை. கேமரா தனக்கு நேர் நடுவில் இருப்பதைத்தான் பார்க்கும். நடுவில் இருந்தது அந்த ஒரு முழ இடைவெளி. அதன் வழியே அது பின்னால் இருந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டது.

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. புதன்கிழமை போயிருக்கலாம். ஆனால் புதனும் வியாழனும் சிலமலைக் கிராமத்தில் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம். "ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரட்டும், நல்லா எடுத்துக் கொடுத்துருவோம்" என்று தனக்குள்ளும் முருகனிடமும் சொல்லிக்கொண்டார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை. கெட்ட எண்ணம் இல்லாமலே நாம் ஒருவரை ஒருவர் கைவிட்டுவிடுகிறோம்.

வேலுத்தாய் ஆஸ்பத்திரியில் பதினோராம் நாள் இறந்துபோனாள். மலைக்குக் கொண்டுபோக வழியில்லை என்று அங்கேயே அடக்கம் செய்தார்கள். பொன்னுமணி கடைசியாகப் பார்த்தது ஆத்தாளை ஏற்றிப்போன ஜீப்பின் பின்பக்கத்தைத்தான்.

இருபதாம் நாள் சுருளி மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தான். தலை மழித்திருந்தான்.

"அண்ணே, முப்பதாம் நாள் கும்பிடப் படம் வேணும். இந்தப் பிள்ளை தினமும் ஆத்தா மொகத்தக் கேக்குது. எனக்கே ராத்திரி நெனச்சுப் பாத்தா மொகம் நெலையா நிக்க மாட்டேங்குது."

காசிமாயன் மேசையைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

"பிலிம்ல வெளிச்சம் பட்டுப்போச்சு தம்பி. அந்த லோடு பிலிமே சரியில்ல."

"வேற எதுவும் இல்லையாண்ணே? ஓரமா, பாதியா?"

"இல்லப்பா."

பொன்னுமணி கண்ணாடிக்குள் இருந்த கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனாள். கடைசிப் படம் வரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"சரிண்ணே, நீங்க என்ன செய்வீங்க" என்றான் சுருளி. அவர் முகத்தைப் பார்த்தான். வெளியே போய் எதிர்க்கடையில் ஒரு டீ வாங்கி வந்து மேசையில் வைத்தான். "மொகமெல்லாம் வேர்த்துக் கெடக்கு. இதக் குடிங்க. நாங்க வெரசாக் கெளம்புறோம், கடைசி ஜீப்பு போயிரும்."

அவர்கள் போய் வெகுநேரம் அந்த டீ அப்படியே இருந்தது. ஆடை படிந்துவிட்டது. காசிமாயன் அதைக் கொட்டவும் இல்லை, குடிக்கவும் இல்லை. சுருளி நாலு வார்த்தை வைதிருந்தால் தாங்கியிருக்கலாம்.

மறுநாள் பூசையை முடித்துவிட்டு அந்த நெகட்டிவை எடுத்தார். இதுவரை அதில் அவர் முகங்களை மட்டுமே தேடியிருந்தார். இப்போது பெரிதாக்கும் கருவியில் வைத்து வெள்ளைக் காகிதத்தில் ஒளியை விட்டார். சாக்கின் நூல்கள் தெரிந்தன. நூல்களின்மேல், அதே தெளிவோடு, ஒரு கை.

ஊன்றிய விரல்கள். ஏலக்காய்க் கறை ஏறிய நகங்கள். இரண்டு கண்ணாடி வளையல். மணிக்கட்டில் பச்சை குத்திய சின்னக் கோலம். பிள்ளையின் கலங்கிய உருவத்துக்குச் சற்றுப் பின்னால், இடைவெளியில், அதைத் தொடாமல், தாங்கக் காத்திருப்பதுபோல் அந்தக் கை இருந்தது. வேலுத்தாயில் தெளிவாக மிஞ்சியது அதுதான்.

காசிமாயன் அந்த இருட்டறையிலேயே உட்கார்ந்து அழுதார். சுவிட்சைத் தள்ளியிருந்தால் முகம் கிடைத்திருக்கும். புதன்கிழமை போயிருந்தாலும் கிடைத்திருக்கும். அந்தப் பிள்ளைக்கு இனி எந்தச் சாமியாலும் அந்த முகத்தைத் தர முடியாது.

முழுப் படத்தையும் பெரிதாகப் போட்டார். எதையும் வெட்டவில்லை. பின்பக்கத்தில், இரண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்படி பெரிய எழுத்தில் எழுதினார்.

"பிலிம் கெடவில்லை. நான் பொய் சொன்னேன். முகத்தைத் தவறவிட்டது நான். திரும்ப வந்து எடுத்திருக்கலாம், வரவில்லை. பின்னால் இருப்பது உன் ஆத்தா கை. காசிமாயன்."

இருபத்தொன்பதாம் நாள் காலையில் ஜீப்பில் மேலே போனார். தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரமாக இருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் ஆளில்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். சுருளி வீட்டுக் கதவு கயிற்றால் கட்டியிருந்தது. அவிழ்த்து, செருப்பை வெளியே விட்டு உள்ளே போனார்.

சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் சுவரைப் புதிதாக வெள்ளையடித்து, ஓர் ஆணி அடித்து, கீழே விளக்கு வைத்திருந்தான். ஆணியில் வேலுத்தாயின் பழைய சேலைக் கிழிசல் ஒன்று தொங்கியது. படம் இல்லாததால் அதைத்தான் கும்பிட வைத்திருந்தான் போலும்.

காசிமாயன் சேலையைத் தொடவில்லை. அதன் கீழே படத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார். தரையில் விழுந்து கும்பிட்டார். சாமியைக் கும்பிட்டாரா, அவளையா என்பது அவருக்கே தெரியாது. வெளியே வந்து, கயிறு முன்பு கட்டியிருந்தபடியே கட்ட முயன்றார். இரண்டு தடவை அவிழ்ந்தது. மூன்றாம் தடவை முடிச்சு நின்றது.

ஏலச்செடிகளுக்குள்ளிருந்து பெண்களின் பேச்சுக் கேட்டது. யாரும் வெளியே வரவில்லை. அவர் ஜீப்புக்குக் காத்திராமல் நடந்தே இறங்கினார்.