துவைத்த கழுகு

1

என் வாய்க்கொழுப்பில் பிறந்த கதை இது. முதல் வரைவில், பழைய போர்ப்பொருள் அசலா போலியா என்று பார்த்துச் சொல்ல மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு மெர்ல் என்று பெயர் வைத்து வழுக்கைத் தலையும் கொடுத்திருந்தேன். அடித்துவிட்டேன். அது நான்தான். எனக்கு முடி இருக்கிறது.

2

அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு பனிக்கால ஞாயிறு, மண்டபம் முழுக்கப் போர்ப்பொருள் சேகரிப்பவர்கள், வெளியே வானம்… [வானம் யாருக்கு வேண்டும்? மேலே போகிறேன்.]

எல்வுட் கிரப் என்ற முதியவர் மகள் டார்லீனோடு என் மேசைக்கு வந்தார். ஒரு துணிச்சின்னத்தை வைத்தார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் படைவீரர் சட்டையின் மார்பில் தைத்தது. சாம்பல் நூலில் பின்னிய கழுகு.

"நானே கத்தியால அறுத்து எடுத்தது தம்பி. போட்டிருந்த பையன சுட்டதும் நான்தான். கையத் தூக்கிட்டு நின்னான்."

டார்லீன் முகம் வெளுத்திருந்தது. "அம்பது வருஷமா வாயே தெறக்கல. இன்னிக்குக் கார்ல வரும்போதுதான் சொல்றாரு. இது நெஜமான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்களேன்."

[அசலா போலியா என்று பார்க்க எங்கள் வழக்கம் புறஊதா விளக்கு. அதன் அடியில் பழைய நூல் மங்கிக் கிடக்கும். போருக்குப் பிந்தைய நூல் பளீரென்று ஒளிரும்.]

இருட்டுக்காக மேலங்கிக்குள் வைத்து விளக்கைப் போட்டேன். கழுகு ஒளிர்ந்தது.

"போலி," என்றேன். அந்த வார்த்தையைச் சொல்வதில் எனக்கு எப்போதுமே ஓர் அற்ப சந்தோஷம்.

3

டார்லீன் அழுதுகொண்டே சிரித்தாள். "பாத்தீங்களாப்பா? நீங்க யாரையும் சுடல. எங்கயோ வாங்கிட்டு மனசப் போட்டுக் குழப்பிக்கிறீங்க."

"வாங்கலம்மா."

"சரி சரி, வாங்க போலாம்."

எல்வுட்டின் கண்களில் [இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.]

சின்னத்தை எடுக்கும்போது டார்லீன் சொன்னாள்: "இதுக்குப் போயி போன வாரம் சலவைப்பொடி போட்டு ஊறவெச்சுத் தொவைச்சேன் பாருங்க! ஒரே பழுப்புக் கறை, போகவே மாட்டேன்னுச்சு."

துணியை வெளுப்பாகக் காட்டச் சலவைப்பொடியில் கலக்கும் பொருளும் அதே விளக்கில் ஒளிரும். துவைத்தீர்களா என்றுதான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அவள் கையில் சின்னம் புரண்டபோது பின்பக்கம் தெரிந்தது. பழைய முரட்டுத்துணி, கத்தியில் அறுபட்ட தையல் பிசிறுகள். அசல்.

இருபது வருடமாக நூலைத்தான் பார்த்து வந்திருக்கிறேன். போட்டிருந்தவன் யாரென்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

4

முடிவு ஒன்று: "நில்லுங்க, தப்பாச் சொல்லிட்டேன்!" என்று கத்துகிறேன். டார்லீன் தன் அப்பாவை இழக்கிறாள். [ஒருவேளை இழக்கமாட்டாள். எனக்கென்ன தெரியும்?]

முடிவு இரண்டு: வாயை மூடிக்கொள்கிறேன். அவள் நிம்மதியாகக் காரோட்டுகிறாள். பக்கத்தில் எல்வுட், சொல்லியும் சொல்லாதவராக.

இரண்டில் எதையாவது எழுதிவிட்டு எழுந்து போயிருப்பேன். ஆனால் எல்வுட் கதவுவரை போய்விட்டுத் தனியாகத் திரும்பி வந்தார். சின்னத்தை மறுபடி மேசையில் வைத்தார்.

"இன்னொரு தடவ பாரு தம்பி. அவ என்னை நம்பணும்."

கதவருகே டார்லீன் அவருடைய கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்கிறாள். பல வருடங்களில் இப்படிச் சிரித்திருக்கமாட்டாள் என்று தோன்றுகிறது.

எனக்குத் தைரியமில்லை. அவளைக் கூப்பிடுவதா வேண்டாமா, நீங்கள் சொல்லுங்கள். சீக்கிரம் சொல்லுங்கள், எல்வுட் நின்றுகொண்டிருக்கிறார்.