சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சுக் கேளுங்க

கம்ப்யூட்டர் மறுபடியும் லைசென்ஸ் நம்பரைக் கேட்டது.

அப்பாவின் கடையில், அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து, அப்பாவின் படத்தைப் பெரிதாக்கி அச்செடுக்க அவள் வெகுநேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வீட்டில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் வைக்க ஒரு படம் வேண்டும், கடையில்தான் இருக்கும், போய் எடுத்து வா என்று சித்தப்பா அனுப்பியிருந்தார். படம் கிடைத்துவிட்டது. மென்பொருள்தான் முரண்டு பிடித்தது. எந்தக் காலத்திலோ காசு கொடுக்காமல் ஏற்றிய சாமான் அது. நம்பரைக் கொடு, இல்லையென்றால் படத்தின் குறுக்கே ‘சோதனைப் பிரதி’ என்று முத்திரை விழும் என்றது.

நம்பர் கண்ணெதிரேயே இருந்தது. மானிட்டரின் விளிம்பில் ஒரு துண்டு டேப்பில் அப்பா எழுதி ஒட்டியிருந்தார். யாரோ உடைத்து, யாரோ யாருக்கோ கொடுத்து, ஊர் முழுக்கச் சுற்றிவந்த நம்பர். அதைத் தட்டினால் ஒரு நொடியில் வேலை முடிந்துவிடும். அவள் தட்டவில்லை. அவள் பிடித்த முயலுக்கு எப்போதுமே மூன்று கால்தான். அப்பா செத்த அன்றைக்கும் அதற்கு நாலாவது கால் முளைக்கவில்லை. முத்திரையோடேயே அச்செடுத்து, ஈரம் காய ஊதிவிட்டு, கடையைப் பூட்டினாள்.

ஊரில் அவருக்குக் ‘கேசட்டு’ என்றுதான் பெயர். கேசட் போய் சி.டி. வந்து, சி.டி. போய் பென்டிரைவ் வந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. எந்தப் பாட்டு வேண்டுமென்றாலும் அவரிடம் போனால் ஒரு டீ ஆறுவதற்குள் காப்பி கிடைக்கும். சும்மா கொடுக்க மாட்டார். ஒவ்வொரு பாட்டின் தொடக்கத்திலும் தன் குரலைப் பதிந்துதான் கொடுப்பார். “வணக்கம், இது நம்ம கடைப் பதிவு. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சுக் கேளுங்க.” அடுத்த கடைக்காரன் தன் காப்பியைத் திருடி விற்றுவிடக் கூடாதாம், அதற்காக. திருடிய பொருளைத் தன்னிடமிருந்து யாரும் திருடிவிடாதபடி பூட்டுப் போட்டு வைத்த மனிதரை இனி எங்கே தேடுவது? சின்ன வயதில் அவள் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். பாட்டெல்லாம் அப்பா பேசித்தான் ஆரம்பிக்கும் என்றே நெடுநாள் நம்பியும் இருந்தாள்.

சிரிப்பு நின்றது அவளுடைய பாட்டுகளில்தான்.

அவள் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை பார்த்தாள். ஊரார் குரலையெல்லாம் பதிந்து, இருமலை வெட்டி, மூச்சை ஒட்டி, பளபளவென்று ஆக்கிக் கொடுக்கிற வேலை. வருஷக்கணக்காக மற்றவர்களுக்குச் செய்ததை ஒருமுறை தனக்கே செய்துகொண்டாள். தானே எழுதி, தானே பாடி ஒரு தொகுப்பு. ஒரு கம்பெனி வெளியிட ஒப்புக்கொண்டிருந்தது. புல்லாங்குழல் வாசித்தவர் சம்பளம் வாங்கவில்லை. வெளிவந்ததும் வருகிறதில் பங்கு கொடு, போதும் என்று வாசித்தார். வெளிவருவதற்கு முன்னால் அப்பா மட்டும் கேட்கட்டும் என்று அவருக்கு அனுப்பினாள்.

பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதைதான். அந்த வாரமே ஆட்டோவில், சலூனில், மாவரைக்கிற கடையில் எல்லாம் அவள் பாட்டு. ஒவ்வொன்றின் முகப்பிலும் அப்பாவின் குரல். எத்தனையோ ராத்திரி உட்கார்ந்து அவள் சரிசெய்த அந்த முதல் மூச்சின் மேலேயே ஏறி நின்று பேசியிருந்தார். ஊரெல்லாம் ஓசியில் கேட்ட பிறகு எவன் வாங்குவான் என்று கம்பெனி கையைக் கழுவியது. குழல்காரர் பங்கு கேட்டு வரவில்லை. கொஞ்ச நாள் கழித்து அவரை முதுகில் பெரிய பையோடு, வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவராகச் சாலையில் பார்த்தாள். அவரும் அவளைப் பார்த்தார். நன்றாகச் சிரித்துவிட்டுத்தான் போனார். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அன்றைக்கு நேராக இந்தக் கடைக்கு வந்தாள். அப்பாவை எழுந்திருக்கச் சொல்லி, இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவர் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக அழித்தாள். அவர் மேஜையோரம் நின்றுகொண்டிருந்தார்.

“வாங்க வழியில்லாதவன் ஓசியில கேட்டா உனக்கு என்னம்மா கொறைஞ்சு போச்சு? அவன் எப்படியும் வாங்கப் போறதில்ல.”

“எனக்குக் கொறையலைன்னே வெச்சுக்குங்க. குழல் வாசிச்சவருக்கு?”

அவர் கண்ணாடிமேஜையைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“பெருமையா இருந்துச்சும்மா,” என்றார்.

அவள் அழிக்கிற விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. அவர் குரலில் அவள் கேட்ட கடைசி வார்த்தை அதுதான்.

அதோடு விட்டாளா என்றால், இல்லை. ஸ்டாண்டுக்குப் போய் ஆட்டோக்காரர்களிடமும் வேன்காரர்களிடமும் பேசினாள். கடை கடையாகப் போய் அழிக்கச் சொன்னாள். இணையத்தில் ஏற்றியிருந்தவர்கள்மேல் புகார் எழுதி எடுக்க வைத்தாள். செய்வதைத் திருந்தச் செய்கிற பெண். அவள் நியாயத்தில் குற்றம் சொல்ல இன்றைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வருஷம் முடிவதற்குள் அப்பாவின் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு மோதிரம் போட்ட விரலால் கண்ணாடிமேஜையைத் தட்டித்தான் வியாபாரம். ஒரு தட்டு என்றால் சரி, இரண்டு தட்டு என்றால் வேண்டாம். வாடிக்கைக்காரர்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள். பாட்டுக் காப்பியை விட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எப்போதாவது கடைப் போனிலிருந்து அவளைக் கூப்பிடுவார். எடுத்தால் அந்தப் பக்கம் ஒரே ஒரு ‘டொக்’ கேட்கும். நீ நல்லா இருக்கியா என்று கேட்கிறாரா, நான் நல்லா இருக்கேன் என்று சொல்கிறாரா, யாருக்குத் தெரியும்? “வேலையா இருக்கேன்ப்பா,” என்று வைத்துவிடுவாள். பெரும்பாலும் வேலையாகத்தான் இருந்தாள்.

படத்தோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, புடவைத் தலைப்பால் முத்திரையைத் துடைத்தாள். போகவில்லை.

“என்னடி எழுதியிருக்கு?”

“காசு கொடுத்து வாங்கலைன்னு எழுதியிருக்கும்மா.”

“அதை அவர் மூஞ்சியிலயா எழுதணும்?”

சித்தப்பா படத்தை வாங்கி ஒரு மாலையைப் போட்டு, பூ அந்த எழுத்தின் மேல் விழும்படி இழுத்துவிட்டார். எழுத்து நீளம், பூ போதவில்லை. கடைசி இரண்டெழுத்து தெரிந்துகொண்டேதான் இருந்தது.

கூட்டம் கொஞ்சம் கலைந்த நேரத்தில் அம்மா அவள் கையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தாள்.

“ஒருதரம் அவர் பேசுறதைக் கேக்கணும் போல இருக்கு. உன்கிட்ட இருக்குமே. நீ அந்த வேலைதானே பாக்குற.”

பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். துணி துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்து போனை நோண்டினாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுடன் வேலை பார்ப்பவனைக் கூப்பிட்டு அவளுடைய டிஸ்க்குகளில் தேடச் சொன்னாள். தேடி என்ன கிடைக்கும்? பல்பொடி விளம்பரத்துக்குப் பேசியவர் குரல் இருந்தது. பெயர் தெரியாத ஒரு பெண் தும்மியது இருந்தது. தகரக் கூரையில் மழை, பக்கத்து வீட்டு நாய், லிஃப்ட் கதவு எல்லாம் பத்திரமாக இருந்தன. அப்பா இல்லை. சம்பளம் கொடுத்த எவர் குரலையும் அவள் தொலைத்ததில்லை. அப்பாவின் குரலை மட்டும் தேடித் தேடி, ஓரிடம் பாக்கியில்லாமல் அழித்துவிட்டிருந்தாள்.

உள்ளே வந்ததும் அம்மா முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். அவள் இல்லை என்று தலையை அசைத்தாள். அம்மா எழுந்து போய், அவர் காலருகே கலைந்திருந்த துணியைச் சரிசெய்யத் தொடங்கினாள்.

மின்மயானத்தில் வேலை சுருக்கமாக முடிந்தது. உள்ளே தள்ளுவதற்கு முன்னால் அங்கிருந்த ஆள் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது என்றார். சித்தப்பா அப்பாவின் மோதிரத்தைக் கழற்றி, யாரிடம் கொடுப்பதென்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, அவள் கையில் வைத்தார். அவள் அதைக் கட்டைவிரலில் போட்டுக்கொண்டாள். கதவு மூடியது. பிறகு ஒரு மோட்டார் ஓடுகிற சத்தம். எத்தனை நாள் எத்தனை சத்தத்தை அடையாளம் கண்டு எழுதியிருப்பாள். அந்தச் சத்தத்துக்கு என்ன பெயர் வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது வாசல் காலியாக இருந்தது. மற்றவர் காரில் அவள் ஏறியிருப்பாள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு போய்விட்டார்கள். மாலையெல்லாம் எடுத்துவிட்ட படம் மட்டும் ஒரு நாற்காலியில் சாத்தி வைக்கப்பட்டிருந்தது. அதையும் மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். அப்பாவும் மகளும் ஒரே மாதிரி நின்றார்கள். யாரையாவது போனில் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்லலாம். அழுது தொலைக்கலாம். இரண்டுக்கும் அவளிடம் தெம்பு இல்லை.

அப்பாவை ஏற்றி வந்த வேன் மட்டும் நின்றிருந்தது. வேன்காரர் பின்பக்கத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். ஸ்டாண்டில் பழைய ஆள், வரும்போது வாய் திறக்காமல் ஓட்டி வந்தவர்.

“முன்னாடி ஏறிக்கம்மா. அந்தப் பக்கம்தான் போறேன்,” என்றார்.

படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகிச் சாவியைத் திருப்பினார்.

“வணக்கம், இது நம்ம கடைப் பதிவு.”

இருவரும் அசையவில்லை.

“இதுல பாடியிருக்கறது நம்ம பொண்ணு. வேற யாரும் இல்ல, என் பொண்ணுதான். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வெச்சுக் கேளுங்க.”

வேன்காரர் சுதாரித்து, பாய்ந்து சத்தத்தை ஒட்டக் குறைத்தார்.

“மன்னிச்சுக்கம்மா. நீ வந்து சொல்லிட்டுப் போனதும் ஸ்டாண்டுல எல்லாரும் அழிச்சுட்டாங்க. நான்தான் இது ஒண்ணை வெச்சுக்கிட்டேன். சாவு வண்டி, திரும்பிப் போறப்ப ஆளே இருக்காது. யாராவது பேசுனா தேவலைன்னு இருக்கும். அதுக்காகப் போடுறது.” பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். “உன் கண்ணெதிர்லயே அழிச்சிடட்டுமா?”

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இன்னொரு முறை முயன்றாள். பிறகு கையைத் தூக்கி, பக்கத்துக் கண்ணாடியில் மோதிரத்தால் தட்டினாள். டொக், டொக்.

வேன்காரர் விரலை எடுத்துவிட்டார். அந்தத் தட்டலின் அர்த்தத்தை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. சத்தத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். அதற்குமேலும் கொஞ்சம் கூட்டினார்.

“ஒரு காப்பி போட்டுத் தரட்டுமா?” என்று கேட்டார்.

பாட்டில் அவள் குரல் முதல் அடியை முடித்துவிட்டு ஒதுங்கிக்கொண்டது. புல்லாங்குழல் தொடங்கியது. பங்கு கொடு போதும் என்று வாசித்தவரின் குழல். நடுவில் அவர் மூச்சு வாங்குகிற இடத்தை அழகாக இருக்கிறதென்று அவள் வெட்டாமல் விட்டிருந்தாள். மடியிலிருந்த படத்தில் முத்திரை முழுசாகத் தெரிந்தது. வேன்காரர் வண்டியை எடுக்காமல் காத்திருந்தார். அவள் குழல் முழுவதும் முடியும்வரை கேட்டாள்.

பிறகு கண்ணாடியில் ஒரே ஒரு தட்டு தட்டினாள்.