இளமூங்கிலுக்குச் சிவப்புப் பெயின்ட்

கூடை பின்னும் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. வெட்ட வேண்டிய மூங்கிலுக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்க வந்த வனத்துறை அதிகாரி, புதரின் ஓரத்தில் புதிதாய் முளைத்த இளங்கழிகளாகப் பார்த்து அடித்துக்கொண்டிருந்தார். நடுவில் நின்ற கிழட்டுக் கழிகளின் பக்கம், முள்ளுக்குப் பயந்து, அவர் போகவேயில்லை.

“சார், இளசை வெட்டினா புதரே செத்துடும். அடுத்த வருஷம் நாங்க எதை வச்சுக் கூடை பின்றது, உங்க பெயின்ட் டப்பாவை வச்சா?”

“முத்தின மரத்தைப் பாதுகாக்கணும்மா. விதியில இருக்கு.”

“அது தேக்குக்கு சார்! மூங்கில்ல கிழடை எடுத்தாத்தான் குருத்து வரும்.”

அதிகாரி பெருந்தன்மையாகச் சிரித்தார். ‘ஊர்மக்கள் முழுமனதுடன் சம்மதித்தனர்’ என்று முன்கூட்டியே அச்சடித்த படிவத்தை நீட்டினார். அதில் கையெழுத்து விழாமல் துறையின் வெட்டு தொடங்காது.

‘இளசை வெட்டக் கூடாது என்று சொன்னேன். சிரிக்கிறார்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி, அக்கா கீழே கையெழுத்தும் போட்டாள்.

அதிகாரி கொண்டுவந்திருந்தது அந்த ஒரே படிவம்தான். புதுப் படிவம் தலைமை அலுவலகத்திலிருந்து வரப் பத்து நாளாகும்.

ஜீப் கிளம்பியதும் அக்கா நாத்தனாரிடம் அரிவாளைக் கொடுத்தாள். “அவருக்கு வேண்டியது நூறு கழி. பத்து நாளுக்குள்ள கிழடுல நூறை வெட்டி ரோட்டோரம் அடுக்கிட்டா, இளசைத் தொட அவருக்கு வேலையே இல்லை.”

“முள்ளு கிழிச்சுடும் அண்ணி!”

“கிழிக்கட்டும். அந்தச் சிரிப்பையே தாங்கிட்டேன்.”