இன்னைக்கு யாரு அடிச்சா?

சாவி பையிலேயே இருந்தும் அழைப்பு மணியை அழுத்தினான். ஒரு நப்பாசைதான். மனைவி கதவைத் திறந்தாள். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். மூன்று மாதமாக இதே கதை.

முன்பெல்லாம் ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டு முகத்தைத் தொங்கப் போட்டபடி வந்தால், கதவைத் திறக்கும்போதே, "வந்துட்டியா? இன்னைக்கு யாரு அடிச்சா?" என்பாள். பாதி பாரம் வாசலிலேயே இறங்கிவிடும்.

வீடியோ கேம் உருவாக்குவது அவன் தொழில். அவனுடைய கேமில், காட்டில் அடிபட்டுச் சாகும் வீரன் ஒவ்வொரு முறையும் தன் வீட்டு வாசலில் கண் விழிப்பான். அங்கே ஒரு பெண் குரல் வேண்டியிருந்தது. "நடிகை கிடைக்கிற வரைக்கும்தான்" என்று, வெளிச்சத்தம் விழாதபடி அவளைப் போர்வைக்குள் உட்காரவைத்து, அதே வாசல் கேள்வியை மொபைலில் பதிவு செய்தான். நடிகையை அவன் தேடவேயில்லை. அதை அவளிடம் சொல்லவும் இல்லை.

கேம் ஓகோவென்று ஓடியது. பத்திரிகை அட்டையில் அவன் முகம். ஊர் வாயிலெல்லாம் அவளுடைய "இன்னைக்கு யாரு அடிச்சா?"தான். சட்டையில்கூட அச்சடித்து விற்றார்கள். முதலில் அவளும் சிரித்தாள்.

அவள் அப்பாவின் உடல் கூடத்தில் கிடந்த அன்று, யாரோ ஒருத்தி அவள் அழுகையிலேயே குரலை அடையாளம் கண்டு மொபைலை நீட்டினாள்.

"அக்கா, நீங்கதானே அது? ஒரே ஒரு தடவை சொல்லுங்களேன்!"

அவள் கணவனைத் தேடித் திரும்பினாள். அவன் வெளியே நாலு பேரோடு நின்று போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அன்றோடு வாசலில் அந்தக் குரல் நின்றுபோனது.

இன்று பின்னாலேயே சமையலறைக்குப் போனான். "அந்தக் குரலை எடுத்துடவா?"

"என்னைக் கேட்டா வச்சே?"

மறுநாள் ஆபீசில் முதலாளி குதித்தார். "பைத்தியமா உனக்கு? அதுல கை வச்சா ஜனங்க தோலை உரிச்சுடுவாங்க!"

கேமில் பிழை கண்டுபிடிக்கும் பையனை எல்லோரும் குண்டூசி என்பார்கள். அவன், "அண்ணே, அண்ணிகிட்ட நல்லா மாட்டிக்கிட்டீங்களா?" என்று குத்தினான்.

"மாட்டிக்கிட்டேன்டா. மாத்து. முதலாளியே கேட்டாலும் என்னைக் கைகாட்டு."

அந்த வாரமே வேறொரு குரல் ஏறியது. மாலைக்குள் உலகமே அவனைக் காறித் துப்பியது. 'தலைக்கனம் பிடித்தவன்', 'எங்கள் அக்காவைத் திருப்பிக் கொடு'. அட்டையில் வந்த அதே படத்துக்குக் கொம்பு வரைந்து பரப்பினார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மணியை அழுத்தத் தயங்கினான். அதற்குள் கதவு தானே திறந்தது. அவள் கையில் மொபைல்.

"எல்லாத்தையும் படிச்சேன்," என்றாள். "இவ்வளவு திட்டுறாங்களே, ஏன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மறுபடியும் உன் வாசலுக்குத்தான் வருவாங்க."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். தோளிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

"வந்துட்டியா?"

அதற்கு மேல் வரவில்லை. உதடு அசைந்து, அடங்கிவிட்டது.

மீதியை அவன் கேட்கவில்லை. "வந்துட்டேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றினான்.