பன்னிரண்டே கால் விமானம்

சண்முகத்தாய் முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அப்படியும் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. மருமகள் யோகேஸ்வரி ஓடிப்போய் டிவியைப் போட்டாள். அதில் ஒருத்தி சிரித்துச் சிரித்து வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ரெண்டு மணி நேரந்தாம்மா. அதுவரைக்கும் பொறுத்துக்க," என்றான் மகன் அழகுராஜா. அவன் கண்ணும் சிவந்துதான் கிடந்தது.

கட்டிலில் அவள் புருஷன் சுந்தரபாண்டி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தார். படுக்கவைத்திருந்தார்கள். விடியற்காலையில் பருத்திக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்தவர், நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தார். சண்முகத்தாய் சொம்பில் வெந்நீர் எடுத்துவருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். மணி ஐந்தரை. இப்போது பத்தாகிறது. நாடியைக் கட்டவில்லை, கால் பெருவிரல்களைச் சேர்த்து முடிச்சிடவில்லை, தலைமாட்டில் விளக்கும் ஏற்றவில்லை. கழுத்துவரை போர்வை போர்த்தி, மின்விசிறியைச் சுழலவிட்டிருந்தார்கள். பார்க்கிறவர்களுக்கு அவர் தூங்குகிற காய்ச்சல்காரர்.

கணக்கெடுப்புக்கு இன்றுதான் கடைசி நாள். விமான நிலையத்தின் ஓடுபாதையை நீட்டப்போகிறார்கள். பெரிய விமானங்கள் இறங்க வேண்டுமாம், இன்னும் இருபது வருஷத்தில் வரப்போகிற கூட்டத்துக்கு இப்போதிருக்கிற இடம் பற்றாதாம். எங்கேயோ உட்கார்ந்து வரைபடத்தில் கோடு இழுத்தார்கள். காரியாபட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர் ஒன்று அந்தக் கோட்டுக்குக் குறுக்கே கிடந்தது, அவ்வளவுதான். வீடு போகிறவர்களுக்கு மாற்று மனை உண்டு. ஆனால் பட்டாவில் பேருள்ளவர் வீட்டில் இருக்க வேண்டும், பாரத்தில் கையெழுத்தோ ரேகையோ வைக்க வேண்டும். எதிர்வீட்டு முத்துப்பேச்சியின் புருஷன் முதல் சுற்றுக்கு நாலு நாள் முந்திச் செத்தான். அவள் வீட்டுக்கு நேரே 'வாரிசு நிலுவை' என்று எழுதிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து தாலுகா ஆபீசுக்கு நடந்து அவள் செருப்புதான் தேய்ந்தது. இன்று சாயங்காலம் பட்டியல் மூடிவிட்டால் அவள் பாடு அம்போதான்.

"ஏலே, அவுக வேண்டாம்னு சொன்னதுலே இது," என்றாள் சண்முகத்தாய், முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு.

பொய்யில்லை. முதல் சுற்றில் வந்தவர்களை சுந்தரபாண்டி வாசலோடு விரட்டினார். சுவரில் சிவப்புப் பெயிண்டால் எழுதிய எண்ணை இரண்டு தரம் சுண்ணாம்பு அடித்து மறைத்தார். 'எம் பேர எழுதணும்னா நான் செத்த பெறகு எழுதிக்கிடட்டும்' என்று டீக்கடையில் அவர் சொன்னதை ஊரே கேட்டது. மனுஷன் வாயிலிருந்து வந்த அத்தனை பேச்சிலும் பலிப்பதற்கு இதுதானா கிடைத்தது.

"அப்பாவுக்கு வேண்டாம்மா. எனக்கு வேணும். வெவசாயமும் போயி வீடும் போச்சுன்னா, விஸ்வநத்தத்துல பட்டாசு லோடு ஏத்துற நான் ரெண்டு பிள்ளைகள எங்கன கொண்டு வைக்க?"

மகன் சொல்வது நியாயம். கட்டிலில் கிடக்கிறவர் சொன்னதும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் அழக்கூட முடியாமல் உட்கார்ந்திருப்பவள் அவள் ஒருத்திதான்.

பதினொன்றரைக்கு ஜீப் தெருமுனையில் நின்றது. ஐம்பது வயது மதிக்கத்தக்க வருவாய் ஆய்வாளர், நல்ல மரியாதைக்காரர். வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் எழுதி முடித்து, கொடுத்த தண்ணீரைக் குடித்து, "அப்ப வாரேன் தாயி" என்று சொல்லிவிட்டு இறங்குவது சண்முகத்தாய்க்கு உள்ளே கேட்டது. ஐந்து வீடு இருக்கையில் ஒரு 'வாரேன்'. நான்கு வீடு இருக்கையில் ஒன்று. எதிர்வாசலில் முத்துப்பேச்சி நிலையில் சாய்ந்து, வைத்த கண் வாங்காமல் இந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பெரியவரு எங்க? போன தடவ எங்கள வெரட்டு வெரட்டுன்னு வெரட்டுனவரு," என்று சிரித்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார் ஆய்வாளர்.

"காய்ச்சல் சார். ரெண்டு நாளா எந்திரிக்கல," என்றான் அழகுராஜா.

"நான் ஒரு பார்வ பாத்துக்கிடணுமே."

யோகேஸ்வரி தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். அவர் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்வாசல்வரை வந்து நின்றார். மின்விசிறி சுற்றியது. அந்தக் காற்றையும் மீறி ஒரு ஈ வந்து சுந்தரபாண்டியின் காதில் உட்கார்ந்தது. காதோரமாக நடந்து கன்னத்துக்கு வந்தது. நின்றது. மறுபடி நடந்தது. சண்முகத்தாய்க்கு அதை விரட்டக் கை பரபரத்தது. விரட்டப் போனால் உடைந்துவிடுவோம் என்று பயந்து அப்படியே நின்றாள். ஆய்வாளரும் அந்த ஈயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்துப் போடுவாரா?"

"கை நடுங்குது சார்."

"அப்ப ரேகை போதும்." பாரத்தையும் மைப்பெட்டியையும் அவர் மகனிடம் கொடுக்கவில்லை, சண்முகத்தாயிடம் நீட்டினார். "நீங்களே வாங்கியாங்கம்மா."

அவள் கட்டிலுக்கு அந்தப் பக்கமாகப் போய், சுவருக்கும் அவருக்கும் நடுவில் மண்டியிட்டாள். போர்வைக்குள் கைவிட்டு இடது கையை எடுத்தாள். மூடியிருந்தது. கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற நாலு விரலும் அதன்மேல் பூட்டுப் போட்டிருந்தன. முதலில் மெதுவாக இழுத்தாள். பிறகு பலமாக இழுத்தாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஒடிந்துவிடும் போலிருந்தது. 'எம் பேர எழுதணும்னா' என்றவரின் கை அது. வெளியே ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். அவள் முந்தானையை மறுபடி வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

அப்போதுதான் அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் அதிரத் தொடங்கின. பன்னிரண்டே கால் விமானம். தினமும் இந்நேரத்துக்கு ஓட்டுக்கூரையை உரசுகிற மாதிரி தாழ்ந்து வரும். தினமும் சுந்தரபாண்டி சோற்றுக்கையோடு வாசலுக்குப் போய் அதைத் திட்டுவார். "ஒங்க பேச்சு அதுக்குக் கேக்கவா போகுது" என்று அவள் சிரிப்பாள். சத்தம் ஏறி, டிவியை விழுங்கி, வீட்டையே விழுங்கியது.

அவள் வாயிலிருந்த துணியை எடுத்தாள்.

முப்பத்தாறு வருஷத்து மனுஷனைப் பறிகொடுத்தவள் எப்படி அழுவாளோ அப்படி அழுதாள். அந்தக் கைமுட்டியை முகத்தோடு சேர்த்துவைத்துக்கொண்டு, "என்னைய விட்டுட்டுப் போயிட்டீகளே" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. எல்லாம் அரை நிமிஷந்தான். இரைச்சல் கிழக்கே இறங்கி மெலிந்தது. அது ஓய்வதற்கு முன்னால் அவளும் வாயை மூடினாள்.

தன் இடது கட்டைவிரலை மையில் அழுத்தி, பாரத்தில் வைத்தாள்.

ஆய்வாளர் பாரத்தை வாங்கிப் பார்த்தார். ரேகைக்குப் பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம் விழுந்து எழுத்து கலங்கியிருந்தது. பிறகு அவள் கையைப் பார்த்தார். விரலை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

"பெரியவருக்கு வயசும்மா?"

"அறுவத்தி மூணு."

எழுதினார். பேனாவை மூடிப் பையில் செருகினார். சொம்புத் தண்ணீர் வைத்த இடத்திலேயே இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கினார். அந்தத் தெரு முழுக்க 'வாரேன்' சொல்லிக்கொண்டு வந்த மனுஷன். எழவு வீட்டில்தான் யாரும் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. சண்முகத்தாய் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"முடிஞ்சிருச்சும்மா. பேரு ஏறிருச்சு," என்று அழகுராஜா கிசுகிசுத்தான். ஜீப் கண்மாய்க்கரையைத் தாண்டுகிறவரை வாசலில் நின்றான். அப்புறம் பரணிலிருந்து வேட்டுக்கட்டை எடுத்துத் தெருவில் வைத்துக் கொளுத்தினான். முதல் வேட்டுக்கே ஊர் திரும்பிப் பார்த்தது. திரும்பி வந்தவன், "இப்ப அழும்மா. இனிமே அழலாம்," என்று சொல்லிவிட்டு அப்பா காலைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளையாக ஏங்கி ஏங்கி அழுதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை.

முதல் ஆளாக ஓடிவந்தவள் முத்துப்பேச்சிதான். கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதபடியே காதோரம் சொன்னாள்: "எனக்குக் காலையிலயே தெரியும்க்கா. வாயத் தொறக்கல."

சண்முகத்தாய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். உறவுமுறைப் பெண்கள் வந்தார்கள், ஒப்பாரி எழுந்தது, மாலைகள் குவிந்தன. நடுவில் அவள் உலர்ந்த கண்ணோடு உட்கார்ந்திருந்தாள். "இப்படி இருந்தா ஆகாது. யாராவது அவள அழ வைங்க," என்றாள் ஒருத்தி. வேறொருத்தி தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தரைக்கு எடுக்கப்போகிறார்கள் என்று ஆண்கள் பேசிக்கொண்டார்கள்.

அவள் யோகேஸ்வரியைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"சாயங்காலப் பிளேனு எத்தன மணிக்குத்தா வரும்?"

"அஞ்சே காலுக்கு அத்தே. ஏன்?"

சண்முகத்தாய் சுவர்க்கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தாள். நாலு ஐம்பது. மை போகாத விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கட்டிலருகே இன்னும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.